புள்ளி தொலையும் இடம்

2008ஆம் ஆண்டு கனடாவின் புகைப்படக் கலைஞர் மைக்கேல் ரைக்மன் ஒரு சோதனை செய்தார். கேனன் நிறுவனம் அப்போதுதான் வெளியிட்டிருந்த ஜி10 என்ற சிறிய கேமரா ஒரு பக்கம். அதைவிடப் பல பத்து மடங்கு விலையுள்ள, 39 மெகாபிக்சல் கொண்ட ஹாசல்பிளாட் கேமரா மறுபக்கம். இரண்டிலும் ஒரே காட்சிகளை நல்ல வெளிச்சத்தில் எடுத்து, 13-க்கு 19 அங்குலத்தில் அச்சிட்டு, படங்களோடு பழகிய மனிதர்கள் முன் வைத்து, எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று கேட்டார். உறுதியாகப் பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. சிறிய கேமராக்கள் உச்சத்தைத் தொட்டுவிட்டன என்று நினைக்க இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆனால் அடுத்த ஆண்டே கேனன் வெளியிட்ட ஜி11-இல் மெகாபிக்சல் கூடவில்லை, குறைந்திருந்தது. 14.7 இருந்த இடத்தில் 10. ஆண்டுக்கு ஆண்டு எண்ணை ஏற்றி விற்ற தொழிலில், அவ்வளவு பெயர் வாங்கிய கேமராவின் எண்ணையே அதைச் செய்த நிறுவனம் ஏன் இறக்க வேண்டும்? படத்தின் தரத்தைச் சோதிப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கான விடை இந்த முரணுக்குள்ளேயே இருக்கிறது.

ரைக்மனின் சோதனையில் பொய் எதுவும் இல்லை. நல்ல வெளிச்சம், கேமராவின் மிகக் குறைந்த ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்), அளவான அச்சு ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிறிய கேமரா பெரிய கேமராவுக்குப் பக்கத்தில் தலைநிமிர்ந்து நிற்கும். கேனன் செய்ததிலும் பொய் இல்லை. வாங்கியவர்கள் அந்தக் கேமராவை உச்சிவெயிலில் மட்டும் பயன்படுத்தவில்லை. மாலையில், மண்டபத்துக்குள், வீட்டுக்கூடத்தில், ஒற்றை விளக்கின் கீழ் பயன்படுத்தினார்கள். அங்கே படம் தோற்றது. ஆகவே என் வாதம் இதுதான்: ஒரு கேமராவின் தரம் அது காட்டும் நல்ல படத்தில் தெரிவதில்லை. எதிரே இருந்தவற்றில் எது, எந்த வெளிச்சத்தில், படத்திலிருந்து முதலில் தொலைகிறது என்று தேடுவதுதான் சோதனை. கடைக்காரர் ஒரு படம் எடுத்து, கேமராவின் பின்னாலிருக்கும் மூன்று அங்குலத் திரையில் காட்டும்போது, 2 கோடி பிக்சல்கள் சில லட்சங்களாகச் சுருங்கித் தெரிகின்றன. தொலைந்தவை எல்லாம் அந்தச் சுருக்கத்துக்குள் மறைந்துவிடும். அது விற்பதற்கான காட்சி, சோதனை அல்ல.

ஏன் தொலைகிறது என்பதற்குக் கேமராவின் வயிற்றுக்குள் பார்க்க வேண்டும். லென்ஸ் கொண்டுவந்து சேர்க்கும் ஒளியை வாங்கி மின்சாரமாக மாற்றும் சில்லுதான் சென்சார். சாதாரணச் சிறிய கேமராக்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது '1/2.3 அங்குல' சென்சார். பெயரில் அங்குலம் இருந்தாலும் அது 6.17 மில்லிமீட்டர் நீளம், 4.55 மில்லிமீட்டர் அகலம்தான், ஏறக்குறைய ஒரு துவரம்பருப்பு அளவு. மூலைக்கு மூலை அளந்தால் 8 மில்லிமீட்டர்கூட வராது. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களின் கண்ணாடிக் குழாயை, அதன் வெளிவிட்டத்தைக் கொண்டு அழைத்த வழக்கம் குழாய் ஒழிந்த பிறகும் பெயரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால்தான் 'ஒரு அங்குல' சென்சார் என்பதும் உண்மையில் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டராக இருக்கிறது. பரப்பாகக் கணக்கிட்டால் முதலாவது சுமார் 28 சதுர மில்லிமீட்டர், இரண்டாவது 116, பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் ஒரு கட்டம் 864. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட வேண்டிய எண் இந்தப் பரப்புதான். அதுவோ கையேட்டின் கடைசிப் பக்கத்தில், அதுவும் பழைய குழாயின் பெயரில், பொடி எழுத்தில் கிடக்கிறது.

முற்றத்தில் மழை பெய்யும்போது ஒரு அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்தால், ஒரு நிமிடத்தில் அண்டாவில் விழும் துளிகள் அதிகம். இரண்டாவது நிமிடமும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை விழும். டம்ளரிலோ ஒரு நிமிடம் ஏழு துளி, அடுத்த நிமிடம் பன்னிரண்டு என்று ஆடும். ஒளியும் இப்படித் துளித்துளியாகத்தான் வருகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஒளித்துகள் விழுந்தால் அதன் இயல்பான ஏற்றஇறக்கம் 100, அதாவது நூற்றுக்கு 1. வெறும் 100 விழுந்தால் ஏற்றஇறக்கம் 10, நூற்றுக்கு 10. ஒரே நிறமுள்ள சுவரில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் வேறுவேறு எண்ணைச் சொல்கின்றன. படத்தில் மணல் தூவியதுபோல் தெரிவது இதுதான். படக்காரர்கள் 'நாய்ஸ்' என்பார்கள். இது கேமராவின் குறை அல்ல, ஒளியின் இயல்பு. எந்த நிறுவனத்தின் பொறியாளராலும் இதைத் திருத்த முடியாது, பாத்திரத்தைப் பெரிதாக்கத்தான் முடியும். ஐஎஸ்ஓ எண்ணை 100-இலிருந்து 1600-க்கு ஏற்றினால் கேமராவுக்குக் கூடுதல் ஒளி கிடைத்துவிடாது. கிடைத்த கொஞ்சத்தை ஒலிபெருக்கியில் வைத்ததுபோல் பெருக்கிக் காட்டும், ஆட்டமும் சேர்ந்தே பெருகும்.

இங்கே ஒரு பிழையான பாடம் பலரிடம் பரவியிருக்கிறது. மெகாபிக்சல் கூடினால் நாய்ஸ் கூடும், ஆகவே குறைந்த மெகாபிக்சலே எப்போதும் நல்லது என்பார்கள். பாதி உண்மை. இரண்டு படங்களையும் ஒரே அளவில் அச்சிட்டால், நுண்ணிய பிக்சல்களின் ஆட்டம் ஒன்றோடொன்று கலந்து பெருமளவு சமனாகிவிடும். படத்தின் நாய்ஸைப் பெரிதும் தீர்மானிப்பது சென்சாரின் மொத்தப் பரப்பும் லென்ஸ் உள்ளே விடும் ஒளியும்தான். 2012இல் சோனியின் ஆர்எக்ஸ்100 கேமரா 20 மெகாபிக்சலோடு வந்தும் மங்கிய வெளிச்சத்தில் பெயர் வாங்கியது, அதன் பாத்திரம் துவரம்பருப்பு சென்சாரைப் போல நான்கு மடங்கு பெரிது என்பதால். அப்படியானால் துவரம்பருப்பு சென்சாரில் 20 மெகாபிக்சலைத் திணிப்பதால் நஷ்டம் என்ன? நஷ்டத்தைவிட, லாபம் இல்லை என்பதே முக்கியம். எவ்வளவு சுத்தமாகக் கடைந்த லென்ஸானாலும் ஒரு ஒளிப்புள்ளியை அது புள்ளியாகவே கொண்டுசேர்க்காது. அலையின் இயல்பால் ஒரு சிறு வட்டமாக விரித்துவிடும். எஃப் 2.8 திறப்பில் பச்சை ஒளிக்கு அந்த வட்டம் ஏறக்குறைய 3.8 மைக்ரான். ஜூமை முழுக்க நீட்டும்போது பல சிறிய கேமராக்களின் திறப்பு எஃப் 6.9 வரை சுருங்கும், வட்டம் 9 மைக்ரானைத் தாண்டும். 20 மெகாபிக்சல் துவரம்பருப்பில் ஒரு பிக்சலின் அகலம் வெறும் 1.2 மைக்ரான். அந்த நிலையில் லென்ஸால் தர முடிந்த மிகச் சிறிய புள்ளியே ஏழெட்டுப் பிக்சல் அகலத்துக்குப் படர்ந்து கிடக்கிறது. தடித்த தூரிகையால் வரைந்த ஓவியத்தை மிக நுண்ணிய கட்டங்கள் போட்ட தாளில் பிரதி எடுப்பதுபோலத்தான் இது. தாளின் கட்டம் நுண்மையாவதால் தூரிகை மெலிந்துவிடாது.

இவ்வளவையும் அளப்பதற்கு முறையான சோதனைகள் இருக்கின்றன. அவற்றின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது சோதிப்பவர்களுக்கும் கேமராவுக்கும் நடந்த துரத்தலின் கதை. டிஜிட்டல் கேமராக்களின் துலக்கத்தை அளக்க ஐஎஸ்ஓ 12233 என்ற சர்வதேசத் தரமுறை 2000ஆம் ஆண்டு வந்தது. அழுத்தமான கறுப்பு வெள்ளைக் கோடுகள் வரவர நெருங்கிக்கொண்டே போகும் அட்டை அது. எந்த இடத்தில் கோடுகள் தனித்தனியாகத் தெரியாமல் சாம்பலாக ஒட்டிக்கொள்கின்றனவோ அதுவே கேமராவின் எல்லை. சற்றே சாய்ந்த ஒரு விளிம்பைப் படமெடுத்து, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்று கணினியால் கணக்கிடும் வழியும் அதில் உண்டு. முறை அருமையானது. ஆனால் கேமராவுக்குள் இருப்பது லென்ஸும் சென்சாரும் மட்டுமல்ல. சென்சார் தந்த எண்களை எடுத்துச் சமைத்து ஜேபெக் படமாகத் தட்டில் வைக்கும் சிறு கணினியும் இருக்கிறது. அது விளிம்பைக் கண்டால் அதன் இருபுறமும் மாறுபாட்டைக் கூட்டிக் கூர்மையாக்கும். விளிம்பு இல்லாத இடமென்று நினைத்தால் நாய்ஸைத் துடைக்கும். அட்டையில் இருப்பதோ அழுத்தமான விளிம்புகள் மட்டும். ஆகவே அங்கே மதிப்பெண் ஏறும். அதே கேமரா ஒரு புல்தரையைப் பச்சைச் சாயம் பூசிய தரையாகவும், தலைமுடியைத் தார் ஊற்றியதுபோலவும் ஆக்கிவிடும். இதை அந்த அட்டை பார்ப்பதே இல்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 'உதிர்ந்த இலைகள்' என்ற சோதனை அட்டை வந்தது. பெயர் பிரெஞ்சுக் கணித ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. மரத்தடியில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மூடுவதுபோல், பெரிதும் சிறிதுமான எண்ணற்ற வட்டங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, மெல்லிய சாம்பல் வேறுபாடுகளோடு அந்த அட்டையில் நிறைந்திருக்கும். இயற்கைக் காட்சிகளில் நுணுக்கங்கள் எப்படிப் பரவியிருக்குமோ கணக்கில் ஏறக்குறைய அப்படியே. எது விளிம்பு, எது நாய்ஸ் என்று கேமராவின் கணினியால் இங்கே எளிதில் பிரிக்க முடியாது. துடைக்கத் தொடங்கினால் இலைகளும் சேர்ந்து துடைபடும், அளவீட்டில் அகப்பட்டுவிடும். சாய்ந்த விளிம்பில் அதிக மதிப்பெண்ணும் உதிர்ந்த இலையில் குறைந்த மதிப்பெண்ணும் வாங்கும் கேமரா, ஒப்பனை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். 12233 தரமுறையும் 2014இல் திருத்தப்பட்டபோது, பழைய அழுத்தமான விளிம்பை விட்டுவிட்டு மாறுபாடு குறைந்த விளிம்புக்கு மாறியது. அழுத்தமான கோட்டைக் காட்டுவது எளிது, மெல்லிய வேறுபாட்டைக் காப்பதுதான் கடினம் என்பதைச் சோதனை எழுதியவர்களும் ஒப்புக்கொண்டார்கள் என்றே இதை நான் படிக்கிறேன்.

மெல்லிய வேறுபாடு என்றதும், நம்மைப் போன்றவர்களுக்கு மிக முக்கியமான ஓர் இடம் வருகிறது. தோல். கேமராக்களின் நிறத்தைச் சோதிக்க 1976இலிருந்து பயன்பட்டுவருவது மெக்பெத் வண்ண அட்டை. அதில் 24 கட்டங்கள். முதல் இரண்டு கட்டங்கள் மனிதத் தோலுக்கானவை, ஒன்று கறுத்த தோல், ஒன்று வெளுத்த தோல். ஃபிலிம் காலத்தில் நிலைமை இதைவிட மோசம். கோடாக்கின் அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த 'ஷெர்லி அட்டை'யில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் மட்டுமே இருந்தது. பல நிறத்தவரும் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது. எந்த முகத்தை வைத்துச் சரிபார்க்கிறோமோ அந்த முகம்தான் சரியாக வரும். டிஜிட்டல் கேமராவில் இதோடு ஒளியின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. கறுத்த தோல் திருப்பி அனுப்பும் ஒளி குறைவு. டியூப்லைட் வெளிச்சத்தில் நிற்கும் ஒரு கறுத்த மனிதரின் கன்னத்திலிருந்து சென்சாருக்கு வந்துசேரும் துளிகள், அவர் கட்டியிருக்கும் வெள்ளை வேட்டியிலிருந்து வருவதில் ஒரு சிறு பங்குதான். ஆட்டம் அதிகம் இருக்கும் இடம் அந்தக் கன்னமே. கேமராவின் கணினி முதலில் துடைக்கக் கை வைப்பதும் அங்கேதான். தோலின் துளைகளும் சுருக்கங்களும் போய் முகம் மெழுகாகிறது. அம்மாவின் கறுப்புக் கூந்தலில் இழைகள் மறைந்து ஒரே கறுப்புத் திட்டு மிஞ்சுகிறது. முகத்தை மீட்க வெளிச்சத்தைக் கூட்டினால் வேட்டியின் மடிப்புகள் எல்லாம் வெந்து வெறும் வெள்ளையாகிவிடும், வெந்த வெள்ளையைப் பிறகு எந்த மென்பொருளாலும் திரும்பப் பெற முடியாது. இருளிலிருந்து வெளிச்சம்வரை ஒரே படத்தில் எவ்வளவு தாங்கும் என்ற இந்த அளவை டைனமிக் ரேஞ்ச் என்பார்கள். நம் ஊர்க் கல்யாணப் படம் ஒவ்வொன்றும் அதற்கான கடும் சோதனை. வெளிநாட்டுச் சோதனைக்கூடத்தின் மதிப்பெண் பட்டியலை அப்படியே நம்பி வாங்குவதில் எனக்குள்ள தயக்கத்துக்கு இதுவே பெரிய காரணம். அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் நம் முகங்கள் விழும் நிழற்பகுதிக்கு அந்தக் கூட்டுமதிப்பெண்ணில் எவ்வளவு பங்கு என்பது அதைப் பார்த்தால் தெரியாது.

இதற்கெல்லாம் இன்று அவசியம் என்ன, எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்கில், 2010இல் உலகுக்கு அனுப்பப்பட்ட லென்ஸ் பிரிக்க முடியாத கேமராக்கள் 10 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். 2023இல் அது சுமார் 17 லட்சம். தொழிலே கரைந்துபோனது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் செல்போனுக்குள் இருப்பதும் ஒரு குட்டிக் கேமராதான்: சிறிய சென்சார், சிறிய லென்ஸ், இன்னும் வலிமையான சமையல்காரக் கணினி. அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கிப் பாத்திரத்தைப் பெரிதாக்குகிறது; உண்மையான முன்னேற்றம் அது. கூடவே துடைப்பதும் கூர்மையாக்குவதும் முன்னெப்போதையும்விட ஆழமாக நடக்கிறது. எது தொலைந்தது என்று தேடும் சோதனை செல்போனுக்குத்தான் இன்னும் அதிகம் பொருந்தும். 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 போனை வெளியிட்டபோது, கறுத்த தோல்களைச் சரியாகக் காட்டுவதற்கென்றே தனி முயற்சி எடுத்ததாக அறிவித்தது. அதுவரை சரியாக வரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இன்னொரு பக்கம், இருபது வயதுக்காரர்கள் சிசிடி என்ற பழைய வகை சென்சார் பொருத்திய கேமராக்களைத் தேடி வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். சிசிடியிலேயே ஃபிலிமின் நிறம் இருக்கிறது என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. நிறம் வருவது சென்சாரின் வகையிலிருந்து அல்ல, அதன் மேல் பூசியிருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளிலிருந்தும் கேமராவின் சமையலிலிருந்தும்தான். அந்த நிறம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் பதினைந்து ஆண்டு பழைய லென்ஸை, பழகிய பெயரை நம்பிச் சோதிக்காமல் வாங்கக் கூடாது.

கேமராவை ஏன் ஆராய வேண்டும், படம் எடுப்பவரின் கண்ணல்லவா முக்கியம் என்பது இன்னொரு மறுப்பு. நல்ல கண் மோசமான கேமராவிலும் நல்ல படம் எடுக்கும் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நல்ல கண்ணும் தன் கருவி எங்கே கைவிடும் என்று தெரிந்து வைத்திருப்பதால்தான் நல்ல படம் எடுக்கிறது. நாதஸ்வரம் வாசிப்பவர் எந்தச் சீவாளி எந்த ஸ்வரத்தில் பிசிறும் என்று வாசித்துப் பார்த்துத்தானே மேடை ஏறுகிறார். மூன்றாவது மறுப்பு இதைவிட வலுவானது. கணினித் திரையில் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூலைமூலையாகக் குறை தேடுவது ஒரு நோய், நிஜத்தில் யாரும் படத்தை அப்படிப் பார்ப்பதில்லை என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் பெரும்பகுதி உண்மை. 12 மெகாபிக்சல் படத்தைச் சாதாரண மேசைக்கணினித் திரையில் முழு அளவில் விரித்தால் அதன் அகலம் மூன்றரை அடிக்கு வரும். அதை ஒன்றரை அடி தூரத்திலிருந்து பார்க்கிறோம். 4-க்கு 6 அங்குல அச்சுக்கு 300 டிபிஐ கணக்கில் 22 லட்சம் பிக்சல் போதும், 8-க்கு 12-க்கு ஏறக்குறைய 86 லட்சம். ஆகவே மூன்றரை அடிச் சுவரொட்டியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேமராவைத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் தலைமுடி தாராவதும் முகம் மெழுகாவதும் நூறு சதவீதத்தில் மட்டும் தெரிகிற குறைகள் அல்ல, 8-க்கு 12 அச்சிலேயே தெரியும். பார்க்கப்போகும் அளவில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதுதான் இந்த மறுப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் திருத்தம்.

அப்படிச் சோதிக்கச் சோதனைக்கூடம் தேவையில்லை. தமிழ் நாளிதழில் வரி விளம்பரங்கள் வரும் பக்கத்தை விரித்துச் சுவரில் ஒட்டினால் அருமையான சோதனை அட்டை கிடைத்துவிடும். நம் எழுத்து இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது, மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி காரணமாக. துலக்கம் குறையும்போது முதலில் போவது அதுதான். க் என்பது க ஆகும், ம் என்பது ம ஆகும். எந்த ஐஎஸ்ஓவில் புள்ளி தொலைகிறது என்பது கண்கூடாகத் தெரியும். ஆனால் செய்தித்தாளும் பழைய 12233 அட்டையைப் போல அழுத்தமான கறுப்பு வெள்ளை, கேமராவின் ஒப்பனைக்கு எளிதில் ஏமாறும். ஆகவே பக்கத்திலேயே ஒரு கதர்த்துண்டு, ஒரு கைப்பிடி தேங்காய்நார், கிடைத்தால் ஒரு சவுரி ஆகியவற்றைத் தொங்கவிட வேண்டும். உதிர்ந்த இலைகளின் வேலையை அவை செய்யும். எழுத்தின் புள்ளி இருக்கும்போதே துண்டின் இழை மறைந்துவிட்டால், அந்தக் கேமரா எதைக் காப்பாற்றி எதைக் கைவிடுகிறது என்று புரிந்துவிடும்.

சோதனையில் ஒன்றை மாற்றும்போது மற்றெல்லாம் அசையாமல் நிற்க வேண்டும். கேமரா முக்காலியில் இருக்க வேண்டும், முக்காலி இல்லையென்றால் அரிசி மூட்டை போதும். விரல் அழுத்தும் அசைவு படாமலிருக்க இரண்டு விநாடி செல்ஃப் டைமரை வைக்க வேண்டும். முக்காலியில் இருக்கும்போது அசைவைத் தாங்கும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுவது நல்லது. கேமரா சுவருக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: செய்தித்தாளின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டப் பிடித்தால், அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் கேமராத் திரையின் நட்டநடுவில் விழ வேண்டும். முதலில் பகல் வெளிச்சத்தில் குறைந்த ஐஎஸ்ஓவில், ஜூமின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிட வேண்டும். நான்கும் சமமாக மங்கியிருந்தால் அது அந்த மாடலின் இயல்பு. இடது மூலை தெளிவாகவும் வலது மூலை குழைந்தும் இருந்தால் அந்த ஒரு கேமராவின் லென்ஸ் அச்சு சாய்ந்திருக்கிறது. உள்ளே மடங்கி வெளியே நீளும் சிறிய குழல்களில் இது அரிதல்ல. எந்த விமர்சகரும் உங்கள் கையிலிருக்கும் கேமராவைச் சோதித்ததில்லை என்பதால், இதை நீங்களேதான் பார்க்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் தவணை முடிவதற்குள் பார்க்க வேண்டும்.

பிறகு இரவில், வீட்டு விளக்கில். மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் நீலம் குறைவாக இருப்பதால் கேமரா நீலத்தைத் தனியே பெருக்க வேண்டியிருக்கும், நாய்ஸ் முதலில் அங்கே எழும். வீட்டில் ஒருவரை, முடிந்தால் வெள்ளைச் சட்டையோடு, செய்தித்தாளுக்கும் துண்டுக்கும் பக்கத்தில் உட்காரவைத்து, ஐஎஸ்ஓ 100, 200, 400 என்று இரட்டித்துக்கொண்டே 3200 வரை எடுக்க வேண்டும். குறைந்த ஐஎஸ்ஓவில் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும் என்பதால் உட்கார்ந்திருப்பவர் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தாலும் துண்டும் செய்தித்தாளும் அசையப்போவதில்லை. இரண்டு கேமராக்களை ஒப்பிடுவதானால் ஐஎஸ்ஓ எண்ணை நம்பி ஒப்பிடக் கூடாது. நிறுவனம் தானே பொருத்தமென்று கருதும் எண்ணைச் சொல்லிக்கொள்ளும் வழியை ஐஎஸ்ஓ 12232 தரமுறையே அனுமதிக்கிறது. ஷட்டர் வேகத்தையும் திறப்பையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுவதே நேர்மை. சென்சாரின் எண்களைச் சமைக்காமல் அப்படியே வைக்கும் ரா கோப்பு தரும் கேமராவாக இருந்தால் ஜேபெக்கோடு அதையும் சேர்த்து எடுக்கலாம். ஜேபெக்கில் இல்லாத இழை ராவில் இருந்தால் குற்றம் சமையலில், அங்கும் இல்லையென்றால் குற்றம் ஒளியில் அல்லது லென்ஸில்.

கடைசியாக, ரைக்மன் செய்ததை இரவு வெளிச்சத்துப் படங்களோடு செய்ய வேண்டும். ஆறு படங்களையும் 8-க்கு 12 அங்குலத்தில் ஸ்டூடியோவில் கொடுத்து, எந்தத் திருத்தமும் செய்யாமல் அச்சிடச் சொல்லி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஐஎஸ்ஓ எண்ணைப் பென்சிலால் குறித்துவிட்டு, கலைத்து, கேமராவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுக்கலாம். இதில் எவற்றை வீட்டுச் சுவரில் மாட்டுவீர்கள் என்று மட்டும் கேட்டால் போதும். அவர் ஒதுக்கி வைத்த படங்களைத் திருப்பிப் பார்த்தால் 1600, 3200 என்று ஏதோ ஒரு எண்ணில் தொடங்கி அதற்கு மேற்பட்டவையாக இருக்கும். அதற்கு ஒரு படி கீழே இருக்கும் எண்ணை, கேமராவின் மெனுவில் ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்ச வரம்பாக அன்றே வைத்துவிடலாம்.